செம்மண் பிளவுகளில் ஒரு காடு
காவல் காடுகள் – 9

சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தைப் பார்த்தோம். மான்டேகு, பாரிடேல் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே, பழைய ஆட்டுப் பண்ணைகளை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய சான்போனா தனியார் காப்பகம் ஏறத்தாழ 58,000 ஹெக்டேர் பரப்பு. அங்கே வந்து தங்குகிறவர்கள் கொடுக்கும் பணம் வேலிக்கும் காவலுக்கும் உதவுகிறது. வேலிக்குள் சிங்கம் நடமாடுகிறது. படித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நம் பக்கத்தில், காய்ந்து கரடுமுரடாகக் கிடக்கும் நிலத்தில், அரசு வனத்துறையின் கைக்கு வெளியே, இப்படி ஒரு காட்டை யாராவது காத்து நிற்கிறார்களா? அங்கே போய் இரவு தங்க முடியுமா?

நிற்கிறார்கள். அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. திண்டிவனத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் புதுச்சேரி சாலையில் திரும்பினால் போதும்.

திண்டிவனத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறைதான். மேற்கே செஞ்சியில் உருண்டைக் கற்களை அடுக்கி வைத்த மலைகள், கிழக்கே மரக்காணம் சாலையில் பெருமுக்கல், தெற்கே மயிலம் முருகன் குன்று. ஓமந்தூர், கிளியனூர் தாண்டி வானூர் வட்டத்துக்குள் இறங்க இறங்க அந்தக் கருங்கல் நிலம் மறைந்து செம்மண் மேடு எழுகிறது. பனை, சவுக்கு, முந்திரி. அங்கங்கே மனை விற்பனைக் கொடிகள். திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து தென்மேற்கே போனால் பூத்துறை.

பூத்துறை என்ற பெயர் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். அளவுக்கு மீறிச் செம்மண் அள்ளியதாகத் தொடரப்பட்ட குவாரி வழக்கால் அது நாடறிந்தது. அதே பூத்துறையில் 1994-ல் இன்னொரு வேலையும் தொடங்கியது. மண்ணை அள்ளும் வேலைக்கு நேர் எதிரான வேலை. ஆரோவில்லோடு சேர்ந்த நூறு ஏக்கர் பொட்டல் நிலத்தை சரவணன் என்ற இளைஞர் பொறுப்பேற்று, மண்ணைத் தடுத்து நிறுத்தத் தொடங்கினார். அந்த நிலத்துக்கு இப்போது ஆரண்யா என்று பெயர். இந்த வாரம் நாம் தங்கப்போவது அந்தப் பக்கத்துக் காட்டில்தான்.

மழை பெய்தும் வறண்ட நிலம்

முதலில் ஒரு கணக்கு. கரூவின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழை கூடக் கிடையாது. விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. மூன்று மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் செம்மண் மேட்டுக்கு வந்தவர்கள் பாலைவனத்தைப் பார்த்ததாகத்தான் சொன்னார்கள். வானம் வஞ்சிக்கவில்லை. பெய்த மழையை நிலம் பிடித்து வைக்கவில்லை.

இதன் காரணம் மண்ணின் பிறப்பிலேயே இருக்கிறது. பூத்துறைக்கு அடியில் கிடப்பது கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் படிவு. இதே படிவுதான் வடமேற்கே திருவக்கரையில் வெளியே தெரிகிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியிலேயே பார்க்கக்கூடிய கல்மரப் பூங்கா அது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து அப்படியே கல்லாகிவிட்டன. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா 18-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். அன்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண், இன்றும் வெள்ளத்தோடு போகத் துடிக்கிற மண்தான். மணலும் களியும் கலந்த, சரியாக இறுகாத மண். மேலே மரமும் சருகும் இருக்கும்வரை அது அசையாது. மரத்தை வெட்டி, சருகைக் கூட்டி, மிச்சத்தை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டால் நிலம் வெறும் மேலோடு நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை சில நாட்களிலேயே ஆண்டு மழையில் பாதியைக் கொட்டும்போது முதல் துளி மண்ணைத் தட்டி மேற்பரப்பை அடைத்துவிடுகிறது. அடுத்த துளிகள் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடுகின்றன. ஓடிய தடம் கீறலாகிறது, கீறல் வாய்க்காலாகிறது, வாய்க்கால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான பிளவாகிறது. பிளவு தன் தலைப்பக்கத்தைத் தின்றபடி மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது.

அப்படி ஒரு பிளவுக்குள் இறங்கி நின்று அதன் சுவரை அருகே பார்த்தேன். தூரத்திலிருந்து செஞ்சுவராகத் தெரிந்தது, அருகே போனால் ஆயிரக்கணக்கான சிறு தூண்களாக இருந்தது. விரல் உயரம், விரல் பருமன். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு கூழாங்கல் அல்லது இரும்புச்சத்து ஏறிய சரளைக்கல். கல் மறைத்த இடத்தில் மட்டும் மழைத்துளி அடிக்கவில்லை. மற்ற மண்ணெல்லாம் கரைந்து போக, கல் மூடிய இடம் தூணாக நின்றுவிட்டது. ஒரு பருவமழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோனது என்பதை அந்தத் தூண்களின் உயரமே சொல்லிவிடுகிறது. ஒரு சின்னக் கல் செய்யும் காவல் இது என்றால், ஒரு மரத்தின் இலைக்குடையும் சருகும் எவ்வளவு செய்யும் என்று அங்கே நிற்கும்போது தானாகப் புரிகிறது.

கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் எச்சரித்தார்: "மழை நாள்ல இதுக்குள்ள இறங்கிடாதீங்க தம்பி. மேல எங்கயோ பெஞ்சாலும் இங்க செந்தண்ணி திடீர்னு வந்துடும்."

இரும்பையின் சாபம்

இந்த வறட்சிக்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. பக்கத்து ஊரான இரும்பையில் மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. கடும் பஞ்ச காலத்தில் மழை வேண்டிக் கடுவெளிச் சித்தர் அங்கே தவத்தில் அமர்ந்தார். அவரைச் சுற்றிப் புற்று வளர்ந்தது. தவத்தைக் கலைக்க அரசன் ஒரு நடன மங்கையை அனுப்பினான். பிறகு கோயிலில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைபடாமல் இருக்கச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் சிரித்தது. மனம் நொந்து அவர் சபித்தார். லிங்கம் மூன்றாகப் பிளந்தது, ஊர் பாலையாயிற்று. பின்னாளில் தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் இந்த மண்ணை மீண்டும் பசுமையாக்குவார்கள் என்று விமோசனமும் சொல்லப்பட்டதாம்.

1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டு, பல நாட்டவர் வந்து மரம் வைக்கத் தொடங்கியதும் இந்தக் கதைக்குப் புது உயிர் வந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மரங்களுக்குக் குழி எடுத்ததும் வரப்பு போட்டதும் பக்கத்துக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். 1973 முதல் பிச்சாண்டிக்குளத்தில் ஜாஸ் புரூக்ஸ் வளர்த்த காடாகட்டும், பூத்துறையில் சரவணன் வளர்த்த காடாகட்டும், இந்த வட்டாரத்துக் கைகள் இல்லாமல் எழும்பியிருக்காது.

வரப்பு முதலில், மரம் பிறகு

இங்கே காடு வளர்ப்பவர்கள் மரத்திலிருந்து தொடங்குவதில்லை. நீரிலிருந்து தொடங்குகிறார்கள். மேட்டின் உச்சியில் ஆரம்பித்து, சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் மண் வரப்பு போட்டுக்கொண்டே கீழே வருகிறார்கள். பிளவு வாய்க்கு வந்தால் குறுக்கே தடுப்பணை. ஓடும் நீரை நடக்க வைப்பது, நடக்கும் நீரை நிற்க வைப்பது, நிற்கும் நீரை இறங்க வைப்பது. கீழிருந்து தொடங்கினால் முதல் பெரிய மழையிலேயே அணை அடித்துக்கொண்டு போய்விடும். மேலிருந்து கீழே என்பதுதான் மாறாத விதி.

நீர் நின்ற பிறகு வேலி. ரயில் கத்தாழையும் கிளுவையும் ஆடு மாடுகளை வெளியே வைக்கின்றன. அதன் பிறகு மரம். தொடக்க ஆண்டுகளில் இந்தச் செம்மண் மேட்டில் பரவலாக வைத்தது ஆஸ்திரேலியாவின் கத்திச்சவுக்கு. எதுவும் முளைக்காத மண்ணிலும் அது வேகமாக வளர்ந்தது, நிழல் தந்தது, சருகு கொட்டியது, காற்றின் நைட்ரஜனை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுத்தது. அந்த நிழலில்தான் மண்ணுக்கு உரிய பழைய மரங்கள் மெல்லத் தலையெடுத்தன.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது அந்த வேலையின் இரண்டாம் பகுதியைக் காற்றே செய்து முடித்தது. கத்திச்சவுக்குகள் வேரோடு சாய்ந்தன. உள்ளூர் மரங்களில் பெரும்பாலானவை கிளையை இழந்தாலும் நின்றன. இந்தக் கரையின் புயலை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தாங்கிப் பழகிய மரங்கள் அவை.

பழைய காட்டின் மிச்சம்

அந்தப் பழைய மரங்கள் எவை? பாலை, வீரை, காசா, இரும்புளி, கருங்காலி, நெய்க்கொட்டை, மகிழம், நாவல், எட்டி. சோழமண்டலக் கரையோரத்தின் உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் குறிப்பது இதைத்தான். ஆண்டில் ஆறேழு மாதம் மழையே இல்லை. இருந்தும் இலை உதிர்ப்பதில்லை. இலை சிறியது, தடித்தது, தோல் போர்த்தியது. மரம் வானளாவ உயர்வதில்லை. வேரைத்தான் ஆழ இறக்குகிறது. ஆனி மாத வெயிலில் சுற்றிலும் எல்லாம் சுருண்டு கிடக்க, இந்தக் காட்டுக்குள் கால் வைத்ததும் கரும்பச்சை நிழல் தோளில் இறங்குகிறது. கடலுக்கு அப்பால் வன்னியிலும் மன்னாரிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தக் காடு அந்நியமல்ல. அவர்கள் ஒவ்வொரு கோடையிலும் தேடிப் பறித்துத் தின்னும் பாலைப்பழம் இதே மரத்தின் பழம்தான்.

இங்கே அந்தக் காட்டைக் கடைசிவரை காத்தவர் ஐயனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் கோயில்காட்டில் இன்றும் அந்த மரங்களைப் பார்க்கலாம். சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் தப்பியவை. இப்படிப்பட்ட கோயில்காடுகளிலிருந்து பொறுக்கிய விதைகள்தான் வானூர் வட்டத்து நாற்றங்கால்களில் முளைத்துப் புதுக் காடுகளாயின. தனியார் காப்பகம் என்ற சொல் புதியது. காப்பு என்ற எண்ணம் இந்த ஊர்களுக்குப் பழையது.

இரவு

இங்கே தங்குவதற்குச் சொகுசு எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பாய், குடிநீர், கைவிளக்கு இருந்தால் போதும். செம்மண் பகலில் குடித்த சூட்டை நெடுநேரம் விடுவதில்லை. இருட்டிய பிறகும் வெறும் தரையில் கை வைத்தால் சூடு தெரியும். பத்தடி தள்ளி மரத்தடிச் சருகில் கை வைத்தால் குளிர்ச்சி. வளர்த்த காட்டின் பலனைக் கையால் அளந்து பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

மயில்கள் அடங்கியதும் பக்கி தொடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாக அமர்ந்திருக்கும் பறவை அது. கூழாங்கல்லைப் பாறை மேல் விட்டால் வேகம் கூடிக்கொண்டே துள்ளி ஓயுமே, அதுதான் அதன் குரல். நள்ளிரவை ஒட்டி முந்திரித் தோப்புப் பக்கமிருந்து நரி ஊளை. இதே கரையில் நரிக்குரலே கேட்காத ஊர்கள் இன்று எத்தனையோ. முயல், முள்ளம்பன்றி, கீரி, உடும்பு, மரநாய் என்று செம்மண் காட்டின் குடிகள் பெரும்பாலும் சிறியவை, பெரும்பாலும் இரவாடிகள். சிங்கத்தைப் பார்க்கும் கண்ணோடு வந்தால் ஒன்றும் தெரியாது. தடம் பார்க்கும் கண்ணோடு வந்தால் காலை நடை முழுக்க விருந்து.

விடிந்ததும் வரப்பு மேல் நடந்தபோது மரநாயின் எச்சம் கிடந்தது. குச்சியால் கிளறினேன். கிட்டத்தட்ட முழுவதும் விதை. நாவல் கொட்டைகள் அப்படியே முழுதாக, அவற்றுக்கு நடுவே பளபளப்பான பழுப்புப் பாலை விதைகள். இரவெல்லாம் எங்கெங்கோ தின்றுவிட்டு, நாற்றங்காலும் கூலியும் இல்லாமல், எருவோடு சேர்த்து அது விதைத்துவிட்டுப் போயிருக்கிறது. மனிதர் வைத்த மரம் பழுத்து, அந்தப் பழத்துக்கு விலங்கு வந்து, அந்த விலங்கே அடுத்த மரத்தை நடத் தொடங்கிய நாளில்தான் ஒரு தோட்டம் காடாகிறது. பூத்துறை மேட்டில் அந்த நாள் வந்துவிட்டது.

பறவை பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி, தையில் போகலாம். வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். மண்சுவர்ப் பிளவுகளில் கொம்பன் ஆந்தை அடையும். எந்தப் பருவமானாலும் முன்னனுமதி இல்லாமல் போகாதீர்கள். மூடிய காலணி வேண்டும். இரவில் விளக்கில்லாமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள், பாம்புகள் உண்டு. ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக்கும் வேண்டாம்.

விலங்கு யாருக்குச் சொந்தம்?

கரூவுக்கும் பூத்துறைக்கும் அடிப்படையான வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த வேலிக்குள் இருக்கும் காட்டு விலங்கு நில உரிமையாளரின் உடைமை. வாங்கலாம், விற்கலாம். காட்டு விலங்கைத் தனி ஆள் சொந்தமாக்கிக் கொள்ள நம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பட்டா நிலத்தில் நிற்கும் முயலும் பட்டாதாரருக்குச் சொந்தமில்லை. இது நல்ல சட்டம் என்றே நான் கருதுகிறேன். விலங்கை விலைப்பொருளாக்காமல், நிலத்தை மட்டும் காத்து, வருவது வரட்டும் என்று காத்திருக்கும் காடு நம்முடையது.

ஆனால் அப்படிக் காத்திருப்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஆரோவில் நிலத்துக்கு 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இருக்கிறது. திண்டிவனம், மயிலம், வானூர் பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்தில் காடு வளர்க்கும் ஒருவரின் நிலை என்ன? ஜமீன் காடுகள் மொட்டையடிக்கப்படுவதைத் தடுக்க வந்த 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் சட்டம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. புதிதாக வளர்ப்பவருக்குக் கைகொடுக்க எழுதிய சட்டம் அல்ல அது. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் பங்கு பிரிக்கலாம். சாலை விரிவாகலாம். மனைக்கொடி ஏறலாம். முப்பது ஆண்டு உழைப்பை ஒரு பொக்லைன் ஒரே வாரத்தில் வழித்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. 2002-ல் வனவுயிர் சட்டத்தைத் திருத்தியபோது சமுதாயக் காப்பகம் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊரோ தனி நபரோ தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். அறிவித்த பின் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். மேகாலயாவிலும் நாகாலாந்திலும் ஊர்கள் இதைப் பெருமளவில் பயன்படுத்தியிருக்கின்றன. 2022-ல் மதுரை அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த தமிழ்நாட்டுக்கு, செம்மண் காடுகளுக்கும் ஒரு காப்பு அளிப்பது கைக்கு எட்டாத காரியமல்ல.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இந்தக் காடுகள் காப்பது பறவையையும் மரநாயையும் மட்டுமல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் முழுவதும் வெள்ளத்தில் தத்தளித்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட மழை இனியும் வரும். பொட்டல் மேட்டில் விழும் துளி செந்தண்ணீராகக் கீழே இறங்கி ஏரியைத் தூர்க்கும், தெருவை மூழ்கடிக்கும். வரப்பும் சருகும் வேரும் உள்ள மேட்டில் விழும் துளியில் கணிசமான பகுதி நின்று, இறங்கி, சித்திரையில் கிணற்றில் தென்படும். மேட்டில் ஒருவர் வளர்க்கும் காடு பள்ளத்தில் இருக்கும் ஊருக்கெல்லாம் நீர்க்காவல். அதற்கான செலவையும் கவலையும் அவர் ஒருவர் தலையில் விட்டுவிடுவது நியாயமில்லை.

ஆகவே, தங்கிவிட்டு வருவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் யாராவது ஐந்து ஏக்கரில் மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால் போய்ப் பாருங்கள். வரப்பு போட ஒரு நாள் கை கொடுங்கள். கிராம சபையில் அந்த நிலத்தின் பெயரைச் சொல்லி, அதைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். வனத்துறைக்கு எழுதுங்கள். சாமிக்குப் பயந்து நம் முன்னோர் காத்தது போதாது. சட்டத்தோடும் சேர்ந்து நாம் காக்க வேண்டிய காலம் இது.

அடுத்த வாரம்: மரக்காணத்துக்கு அருகே 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் கழுவெளி. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பை ஒட்டி வாழும் ஊர்களின் கதை.

(தொடரும்)